கெத்துபோங்கின் வால்

ஜாலின் அப்பாவுக்கு, முழங்கால் வலி தேவலையா? ஒரே கூரைக்கடியில் இருக்கும் நம் நீள்வீட்டுக் குடும்பங்கள் எல்லோரும் சுகமா? நான் சௌக்கியம்.

நேற்று மரவெட்டு முகாமின் சமையல்கட்டுக்குப் பின்னால், மூங்கிலில் டொக்டொக்கென்று சத்தம். நம் விதைப்புக்குச் சகுனம் சொல்லும் கெத்துபோங் மரங்கொத்தி! கட்டைவிரல் அளவு, செம்மஞ்சள் வயிறு, வால் இருக்கிற இடமே தெரியவில்லை.

"கெழவி, சோறு அடிபிடிக்குது, சகுனத்த அப்புறம் பாரு" என்றாள் கூடச் சமைக்கும் லுலோங். பிடிக்கட்டும் என்று நின்றேன்.

நம் பிள்ளைகள் சின்னதாக இருந்த அந்த வருஷம் உங்கள் அண்ணன் உங்காட் என்ன சொன்னார்? "நீள வால ஆட்டிக்கிட்டு கெத்துபோங் கத்துச்சு, இந்த மலையில வெதைக்காதீங்க." அவர் பேச்சைக் கேட்டு நாம் நெல் விதைக்கவில்லை; பிள்ளைகள் மரவள்ளி தின்றே வளர்ந்தார்கள். நான் மறக்கவில்லை.

இந்த விதைப்புக்கு அவர் கண்ணை நம்பவேண்டாம். உங்கள் கண்ணும் மங்கல்தான். அதனால் நான் வந்து பக்கத்தில் நிற்கும்வரை சகுனம் பார்க்கப் போகாதீர்கள். கடிதம் கொண்டுபோகிற லாரி ஹாரன் அடிக்கிறது.