இடப்பக்கப் பை

ஒரு காலத்தில் என்னவராயிருந்தவருக்கு,

புற்றுக்காக என் இடது மார்பை எடுத்த பின், கதிர்வீச்சு முடிந்து தோல் ஆற ஓராண்டாகும், அதற்குப் பிறகே புது மார்பு வைக்கலாம் என்றார் டாக்டர். "அதுவரைக்கும் இவள இப்படியே பாக்கணுமா?" என்று அவரிடமே கேட்டீர்கள். மறுவாரமே உங்கள் அக்கா வீட்டுக்குக் கிளம்பினீர்கள். "எல்லாம் சரியானதும் கூப்பிடு."

இருபத்தைந்து நாள் கதிர்வீச்சுக்கும் தனியாகத்தான் போய்வந்தேன்.

நேற்று டாக்டர் புது மார்பு வைக்கும் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார். உங்களைக் கூப்பிடப்போவதில்லை.

நீங்கள் கேட்ட பதினொரு சட்டைகளையும் தேய்த்து அனுப்பியிருக்கிறேன். எல்லாம் நான் தைத்தவை. ஒவ்வொன்றிலும் இடப்பக்கப் பையை மட்டும் பிரித்தெடுத்துவிட்டேன். அந்த இடம் வெளுக்காமல் தனியாகத் தெரியும். யார் பேச வந்தாலும் கண் அங்கேதான் போகும். அனுபவியுங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்குத் தைத்தவள்