ஃபவுல் வேண்டாம் என்று கத்தியது

சனிக்கிழமை, சேலையூர்.

இன்று அரையிறுதியில் மகள் பவித்ராவின் பாஸ்கெட்பால் டீம் ஒரே பாயிண்டில் தோற்றது. தோற்கடித்தது நான்தான்.

ஆட்டம் முடியச் சில நொடிகள்தான் இருந்தன; எங்கள் டீம் ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்தது. பந்து எதிர் டீம் பெண்ணிடம். பந்தைத் தட்டுகிற சாக்கில் பவித்ரா அவள் கையில் அடிக்கப் போனாள். நான் பதறிப்போய், "பவி, தொடாதடி, ஃபவுல்!" என்று கத்தினேன். அவள் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார்கள்.

கோச் என்னிடம் வந்தார். "ஃபவுல் பண்ணச் சொன்னதே நான்தான் சார்."

வீடு திரும்பும்போது கேம்ப் ரோடு சிக்னலில் வண்டி நின்றது. அப்போதுதான் பவித்ரா விளக்கினாள்.

"ஃபவுல் பண்ணா கிளாக் நிக்கும்ப்பா. இந்த குவார்ட்டர்ல எங்களுக்கு ஏற்கெனவே நாலு ஃபவுல். அஞ்சாவதுக்கு அவளுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. ரெண்டாவதைக் கூடையில போட்டா பந்து எங்களுக்கு, தவறவிட்டா பாய்ஞ்சு பிடிக்கலாம்."

"தெரிஞ்சே தப்பு பண்ணலாமா?"

"அதான் தண்டனையும் வாங்கிக்கிறோமே!"

பத்தாவது வரை படித்த மண்டையில் அப்போதுதான் ஏறியது.

நாளை மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். வரலாமா என்று கேட்டேன். சாப்பிட்டு எழுந்து கை கழுவினாள். பிறகு சொன்னாள்:

"வா. ஆனா எதிர் டீம் பக்கம் உக்காந்து, அவங்களுக்குக் கத்து."