சம்மதம் என்று மட்டும் சொல்லவும்

என்னங்க,

டோக்கன் வாங்க, பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு நான் முன்னாலேயே போகிறேன். நீங்கள் பதினோரு மணிக்கு வந்தால் போதும். சாப்பாட்டை அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன். தேய்த்த சட்டை கதவில் தொங்குகிறது. அடையாள அட்டை அதன் பையிலேயே இருக்கிறது; வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வராதீர்கள்.

போன தடவை மாதிரி ஆகக் கூடாது. பதிவாளர், "ரெண்டு பேரும் முழு சம்மதத்தோட வாங்குறீங்களா?" என்று கேட்டார். நீங்கள், "என்னை யாரு சார் கேட்டா?" என்றீர்கள். அவர் பேனாவை மூடிவிட்டு, "கேட்டுக்கிட்டு வாங்க" என்று பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டை விற்கிறவர் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றார். நான்கு நாட்களாக நாம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இன்றைக்கும் கேட்பார். "சம்மதம்" என்று மட்டும் சொல்லுங்கள். முன்னாலும் பின்னாலும் எதையும் சேர்க்க வேண்டாம்.

கிளம்பும்போது கேஸை மூடுங்கள்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: யோசித்துப் பார்த்தேன். நான் உங்களைக் கேட்கவே இல்லைதான். இப்போது கேட்கிறேன். அந்த வீடு உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? இல்லையென்றால் வர வேண்டாம். டோக்கனை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு நானும் சாப்பிட வந்துவிடுகிறேன். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சமைத்திருக்கிறேன்.