விளக்குக்காரி வராத நூறு குலுக்கல்

ஜூன் 9

மழை. துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை. கடையில் கோழி வறுவல் பெட்டிச்சோறு கட்டிக்கொண்டிருந்தபோது முரோய் சாரிடமிருந்து போன். ஏஜென்சிக்காரர் கடை நேரத்தில் கூப்பிட்டால் நல்ல செய்தியாக இருக்காது என்று எடுக்கவே பயம்.

"கசாய், உக்காந்துக்கோ." குடும்பப் பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்.

"சார், கடையில உக்கார இடமே இல்ல."

"சரி, நின்னுக்கிட்டே கேளு. உனக்குப் பேர் வெச்ச பாத்திரம் கெடச்சிருக்கு."

பேர் வைத்த பாத்திரம்! ஆறு வருஷமாக நான் யார் யாருக்குக் குரல் கொடுத்தேன்? கிராமத்துப் பெண் இரண்டு. கூட்டத்தில் அலறுபவள். கதவைத் தட்டுபவள் — அதற்கு வசனம்கூடக் கிடையாது, ஒரே ஒரு இருமல். இப்போது 'பனிக்கோட்டை' என்ற போன் விளையாட்டில் கலங்கரை விளக்கம் காக்கிற பெண். பேர் ஹிசுய். ஐந்து நட்சத்திரம், லேசில் கிடைக்காத பாத்திரம்! கத்திவிட்டேன். வறுவல் கரண்டி தரையில். கடைக்கார அம்மா என் தோளில் ஒன்று போட்டார். பிறகு எனக்குத் தனியாக இரண்டு துண்டு எடுத்து வைத்தார்.

ஜூன் 10

ஹிசுய். ஹிசுய். ஹிசுய். பல் தேய்க்கும்போதுகூடச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஜூன் 28

ஒலிப்பதிவு முடிந்தது. ஹிசுய் அதிகம் பேசமாட்டாள். கப்பல்களுக்காகக் காத்திருப்பவள். எனக்கு ரொம்பப் பிடித்த வசனம், விளையாடுகிறவர்கள் காசு கட்டிக் குலுக்கிப் பாத்திரம் எடுக்கும்போது, யாருக்காவது அவள் விழுந்ததும் முதலில் சொல்வது — "விளக்கு எரியுது. வந்துடுங்க." பதினோரு தடவை சொல்ல வைத்தார்கள். பதினொன்றாவதில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். ஐயோ, எனக்கு அழுகை வந்துவிட்டது!

வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்குப் போன். ஊரில், ஹிரோசாகியில், ஆப்பிள் பிஞ்சுகளுக்குக் காகிதப் பை கட்டிக்கொண்டிருந்தாராம்.

"அது டிவியில வருமா?"

"போன்ல வரும்பா. விளையாட்டு."

"ம். பேச்சு பேச்சா இருக்கணும். நவம்பர்ல பழம் பறிக்கிறதுக்குள்ள அடுத்த வேலை கைல இல்லன்னா ஊருக்கு வந்துடணும். விவசாயச் சங்கத்துல உனக்காக ஒரு நாற்காலி சொல்லி வெச்சிருக்கேன்."

பேச்சு பேச்சுதான். போன வருஷம் முப்பது வயதானபோது நானே ஒப்புக்கொண்டது. ஹிசுய்க்கு இரண்டாவது கதைப்பகுதி வந்தால் எனக்கு அடுத்த வேலை. வராவிட்டால் நாற்காலி. முதல் மாதம் ஹிசுய்க்கு எவ்வளவு வரவேற்பு என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். வரவேற்பு என்றால், எத்தனை பேர் அவளுக்காகக் குலுக்குகிறார்கள் என்பதுதான். வேறென்ன?

ஜூலை 15

தலைகால் புரியவில்லை!!

ஆகஸ்ட் 20-ஆம் தேதி மாலை நேரலை. அதில் என் பாத்திரத்தை நானே குலுக்கலில் எடுக்க முயற்சி செய்ய வேண்டும். தன் குரலைத் தானே எடுக்க முடிகிறதா என்று பார்க்க ஜனங்களுக்கு அவ்வளவு ஆசையாம். நூறு குலுக்கலுக்கான கற்களை, அதாவது விளையாட்டுக்குள் செல்லும் காசை, அவர்களே தருகிறார்களாம்.

என் அறைத்தோழி தோமோயோவுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். பகலில் மருந்துக்கடை, மற்ற நேரமெல்லாம் பனிக்கோட்டை.

"ஹிசுய் வர்றதுக்கு எவ்ளோ வாய்ப்பு போட்டிருக்கான்?"

"ஒரு சதவீதம். கையில நூறு குலுக்கல். நூறுல ஒண்ணு, நூறு தடவை! அப்ப நிச்சயம் வந்துடும்ல?"

தோமோயோ சூப்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், சிரித்தாள், இருமும்வரை சிரித்தாள்.

"அடியே சாயோ, அவ வரமாட்டா டி. உனக்கு அவ மேல இவ்ளோ ஆசை இருக்கே, போன் மோப்பம் பிடிச்சிடும்."

இந்த விளையாட்டுக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்களாம். ஆசைப்படுகிறவனுக்கு வராது, ஆசையே இல்லாதவன் சும்மா தொட்டால் வந்துவிடும். அதனால் தோமோயோ சுவரைப் பார்த்துக்கொண்டு கால் கட்டைவிரலால் அழுத்துவாள். பக்கத்து வீட்டுப் பூனையின் பாதத்தைக் கடன் வாங்கியதும் உண்டு.

"நிஜமாவே நம்பறியா?"

"நம்பல. ஆனா செய்வேன்."

ஜூலை 16

இன்றைக்கு என் மண்டையில் இருந்த ஒரு நம்பிக்கை உடைந்தது. எழுதிவைத்துவிட வேண்டும்.

சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பல்பொருள் கடை வாசலில் பொம்மைப் பெட்டி இருந்தது. காசு போட்டுக் கைப்பிடியைத் திருகினால் ஒரு உருண்டை விழும், உள்ளே பொம்மை. எனக்கு வெள்ளை ஆந்தை வேண்டும். அப்பா திருகினார், திருகினார், தவளையாக விழுந்தது. "வராம எங்க போயிடும்? பெட்டி காலியானா வந்துதானே ஆகணும்" என்று கடைசி உருண்டைவரை திருகிவிட்டார். கடைசி உருண்டையில் ஆந்தை! பை நிறையத் தவளைகளோடு வீட்டுக்கு வந்தோம், அம்மா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. ஆக, விடாமல் திருகினால் வரும் என்பது எனக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம்.

தோமோயோ தேயிலை டப்பாவை எடுத்தாள். தொண்ணூற்றொன்பது சோயா பீன்ஸ், ஒரே ஒரு சிவப்புக் காராமணி.

"உங்கப்பா பெட்டி இது. எடுத்ததை வெளியே வை."

எடுக்க எடுக்க டப்பா குறைந்தது. குறையக் குறையக் காராமணி நெருங்கியது. எழுபது தாண்டியதும் கைக்கு வந்தே விட்டது. பார்த்தியா என்று நான் ஆடினேன்.

"இப்ப போன் பெட்டி. எடுத்ததைத் திரும்ப உள்ள போடு. குலுக்கு. எடு."

போட்டு எடுத்தேன். போட்டு எடுத்தேன். நூறு முடிந்தது. காராமணி வரவே இல்லை! மறுபடி ஆரம்பித்தால் நாலாவதிலேயே வந்து நிற்கிறது. அடுத்த நூறில் மறுபடி இல்லை. டப்பா நிறைந்தபடியே இருக்கிறது — அதுதான் விஷயம். அது குறைவதே இல்லை! தொண்ணூற்றொன்பது தடவை தோற்றவனும் இப்போதுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவனும் அந்த டப்பாவுக்கு ஒன்றுதான்.

"நூறு பேர் ஆளுக்கு நூறு தடவை எடுத்தா, ஏறக்குறைய முப்பத்தேழு பேருக்கு ஒரு தடவைகூட வராது. சில விளையாட்டுல இத்தனாவதுல கட்டாயம் தந்துடுவோம்னு ஒரு உச்சவரம்பு வெப்பான். பனிக்கோட்டையில அதுவும் கெடையாது" என்றாள் தோமோயோ.

முப்பத்தேழு பேர்! எங்கள் வகுப்பே அவ்வளவுதான் இருந்தது.

பயம் வரவேண்டும்தானே? எனக்கு ஒரே குதூகலம். இத்தனை வருஷம் இது தெரியாமலா இருந்தேன்! நாளைக்குக் கடைக்கார அம்மாவுக்கும் செய்து காட்ட வேண்டும்.

ஜூலை 17

கடைக்கார அம்மாவுக்குச் செய்து காட்டினேன். அவருக்கு முதல் தடவையிலேயே காராமணி வந்துவிட்டது. "இதுல என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு அரிசி கழுவப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 14

நேரலைக்கான வசனத்தாள் வந்தது. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. என் அறிமுகம், தொகுப்பாளர் இனுசுகாவோடு கேலி, நடுவில் ஹிசுய் குரலில் வாழ்த்து. எண்பதாவது குலுக்கல்வரை வராவிட்டால் மட்டும் பார்வையாளர்களிடம் ஹிசுய் குரலில் ஒன்று சொல்ல வேண்டும்:

"இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, விட்டுடாதீங்க! இதோ கிட்ட வந்துட்டேன், அடுத்தது நான்தான்!"

தோமோயோவிடம் சிரித்துக்கொண்டே படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"போன குளிர்காலத்துல ஒரு மாசம் முழுக்க முளைப்பயறு மட்டும் தின்னேனே, ஞாபகம் இருக்கா?"

"உடம்பு இளைக்கணும்னு சொன்னியே."

"இளைக்கிற மூஞ்சியா இது? பனிக்கோட்டையில ஒரு வாள்காரனைக் குலுக்கி எடுக்கத்தான் காசெல்லாம் போச்சு டி. ஒவ்வொரு தடவையும் இதையேதான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இவ்ளோ தூரம் வந்தாச்சு, இவ்ளோ தூரம் வந்தாச்சுன்னு."

முரோய் சாரைக் கூப்பிட்டு, அந்த வரி பொய் சார், மாற்ற முடியுமா என்று கேட்டேன். "அது வசனம் கசாய். வில்லனுக்குக் குரல் குடுத்தா நீ கொலைகாரியா? வாயை மூடிக்கிட்டுப் படி. இரண்டாவது பகுதி வேணுமா வேண்டாமா?"

வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

ஆனால் வில்லன் கதைக்குள் இன்னொரு பாத்திரத்திடம் அல்லவா பொய் சொல்கிறான்? இது நிஜமாகச் சாப்பாட்டுக் காசை வைத்துக் குலுக்குகிறவர்களிடம்.

எண்பதுக்குள் வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். வந்துவிடு ஹிசுய், ப்ளீஸ்!

ஆகஸ்ட் 19

எண்பதிலும் வராமல் போக நூறுக்கு நாற்பத்தைந்து என்கிறாள் தோமோயோ. கிட்டத்தட்டப் பாதி! கேட்டிருக்கவே கூடாது.

ஆகஸ்ட் 21

நேற்று நடந்ததை எழுதுகிறேன். இன்னும் காது சூடாகத்தான் இருக்கிறது.

ஏழு மணிக்கு ஆரம்பம். முதல் பத்து: கத்தி, கத்தி, குதிரை, மீசை வைத்த தளபதி. அடுத்த பத்து: மறுபடி மீசைத் தளபதி. இனுசுகா விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க குரலே உங்கள வேண்டாங்குது!" திரையில் கருத்துகள் ஆறாக ஓடின — ஆசையை மோப்பம் பிடிச்சிடுச்சு, கால் விரலால அழுத்துங்க, பேசாம மீசைக்காரரையே கல்யாணம் கட்டிக்கோங்க. நான் முழங்கையால் அழுத்தினேன். மூக்கால் அழுத்தினேன். மூக்குக்கும் மீசைத் தளபதிதான்! வயிறு வலிக்கச் சிரித்தேன். வாழ்நாளில் இப்படி ஒரு மணிநேரம் எனக்கு இருந்ததில்லை.

எண்பது. இல்லை.

கேமராவுக்குப் பின்னால் அட்டையைத் தூக்கிக் காட்டினார்கள். இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. அதே நேரம் திரையில் ஒரு கருத்து போனது: 'நானும் கூடவே குலுக்கிட்டிருக்கேன். மாசச் சாப்பாட்டுக் காசு போச்சு. ஆனா இனிமே வந்துதான் ஆகணும், இல்லையா?'

வாயைத் திறந்தேன். ஹிசுய் குரல்தான் வந்தது, அட்டையில் இருந்தது வரவில்லை.

"கேக்குதா? விளக்குக்காரி பேசறேன். நீங்க எத்தனை தடவை கூப்பிட்டீங்கன்னு எனக்குத் தெரியாது. எனக்கு ஒவ்வொரு தடவையும் முதல் தடவைதான். நூறு தடவை கூப்பிட்டாலும் நான் ஒரு அடிகூடக் கிட்ட வந்திருக்க மாட்டேன். அதனால சாப்பாட்டுக் காசை வெச்சுக் கூப்பிடாதீங்க. போய்ச் சாப்பிடுங்க. விளக்கு நாளைக்கும் எரியும்."

அட்டை மெதுவாகக் கீழே இறங்கியது. பிறகு மிச்ச இருபதையும் இழுத்தேன். வரவில்லை. அந்த முப்பத்தேழு பேரில் நானும் ஒருத்தி!

பின்னறையில் முரோய் சார் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ஜனங்களைக் குலுக்க வைக்கத்தான் உன்னைக் கூப்பிட்டாங்க. நீ அவங்க கடையவே மூடிட்டு வந்திருக்கே."

"மன்னிச்சுக்கோங்க சார்."

"செப்டம்பர் நேரலைக்கு நீ வேண்டாம்னுட்டாங்க."

ரயிலில் ஏறினதும் என்னையே கேட்டுக்கொண்டேன். செஞ்சது சரிதானே? சரிதான். சரின்னா ஏன்டி திரும்பத் திரும்பக் கேக்கறே? எங்கள் அசகாயா ஸ்டேஷனில் இறங்கியபோது தோமோயோ குடையோடு நின்றாள். ஒரு பொட்டலம் நீட்டினாள். சூடான இறைச்சி பன், அதுவும் பெரிய சைஸ்.

செப்டம்பர் 6

ஒரு பையன் கடைக்கு வந்து இரண்டு பெட்டிச்சோறு வாங்கினான். காசு கொடுக்கும்போது, "விளக்குக்காரி சாப்பிடச் சொன்னாங்க" என்று நண்பனிடம் சொல்லிச் சிரித்தான். நான் யாரென்று அவனுக்குத் தெரியாது! வறுவல் ஒரு துண்டு கூடுதலாக வைத்தேன். கடைக்கார அம்மா பார்த்துவிட்டார்.

செப்டம்பர் 29

செய்தி இல்லை.

அக்டோபர் 11

செய்தி இல்லை. ஊருக்குப் போகத் துணிப்பெட்டியைப் பரண்மேலிருந்து இறக்கித் துடைத்து வைத்தேன். தோமோயோ அதைத் திரும்பத் தூக்கி மேலே வைத்துவிட்டாள்.

அக்டோபர் 24

வந்துவிட்டது!! இரண்டாவது பகுதி! முரோய் சார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "குலுக்கல் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. ஆனா இந்த வருஷம் வந்த பாத்திரங்கள்லயே ஜனங்க விடாம பேசறது உன் விளக்குக்காரியைப் பத்தித்தான். கதை எழுதறவர் அடம்பிடிச்சிட்டார், அந்தப் பொண்ணுதான் வேணும்னு. நேரலைக்கு மட்டும் இனி உன்னை என் ஆயுசுக்கும் கூப்பிடமாட்டாங்க." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானும் அன்னிக்கு ராத்திரி விளையாட்ட மூடிட்டு, போய்ச் சாப்பிட்டேன்" என்றார்.

சார் விளையாடுவாரா!

அப்பாவிடம் சொல்ல வேண்டும். நாளைக்கு.

அக்டோபர் 31

நாளைக்கு.

நவம்பர் 8

சொல்லவில்லை. அப்பாவே கூப்பிட்டுவிட்டார். மதியக் கூட்டம் ஓய்ந்த நேரம், கடைப் பின்பக்கம் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்று எடுத்தேன். பழம் பறிப்பதைப் பற்றித்தான் கேட்பார் என்று நினைத்தேன்.

"சாயோ, ஒரு சந்தேகம். இந்தப் பெட்டி எப்பத்தான் காலியாகும்?"

"எந்தப் பெட்டிப்பா?"

"போன்ல இருக்கே, அது. சங்கத்துப் பையன் போட்டுக் குடுத்தான். தினம் ஒண்ணு இனாமாத் தர்றான், ஆகஸ்ட்லேர்ந்து திருகறேன். குதிரை வருது, கத்தி வருது. ஒரு மீசைக்காரன் விடாம வர்றான். நீ மட்டும் வரல. இவ்ளோ நாள் திருகிட்டேன், இனி கொஞ்சந்தானே இருக்கும்?"

ஆப்பிள் மரத்து ஏணியில் நின்றபடி அந்தத் தடித்த விரலால் தினமும் ஒன்று திருகியிருக்கிறார்!

"அது காலியே ஆகாதுப்பா. எடுத்ததைத் திரும்ப உள்ள போட்டுடறாங்க."

"திரும்பப் போட்டுடறானா?"

"ஆமா."

"அப்ப நான் இவ்ளோ நாள் திருகினது?"

"கணக்குல வராதுப்பா. இன்னிக்குத் திருகறதும் முதல் தடவை மாதிரிதான்."

"அடப்பாவி!" என்றார். அவர் அடுத்ததைக் கேட்பதற்குள் சொல்லிவிட்டேன் — இரண்டாவது பகுதி வந்துவிட்டது, ஜனவரியில் ஒலிப்பதிவு, நான் வரவில்லை அப்பா.

"ம்" என்றார். பிறகு, "சங்கத்து நாற்காலில வேற ஆள உக்காத்தச் சொல்லிடறேன். பழத்துக்கும் ஆள் இருக்கு."

"கோவமாப்பா?"

"கோவம் அந்தப் பெட்டிக்காரன் மேல. சரி, அவ வந்தா என்னதான் சொல்வா? அதையாவது சொல்லேன் கேப்போம்."

வெங்காய மூட்டைகளைப் பார்த்துத் திரும்பி நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னேன். விளக்கு எரியுது. வந்துடுங்க.

உள்ளே கடைக்கார அம்மா அடுப்பை அணைத்துவிட்டார் போல, எண்ணெய்ச் சத்தம் நின்றுவிட்டது.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார் அப்பா.