நீ பிடித்த சாம்பல் அட்டை

தோழி,

இன்று காலை ஒரு திருமணத்தைப் படமெடுக்க ராசிபுரம் வழியாகச் சென்றேன். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரிக் களங்களிலிருந்து புளித்த மரவள்ளி மாவின் வாடை காருக்குள் புகுந்தது. ஓட்டுநர் கண்ணாடியை ஏற்றப் போனார், வேண்டாமென்று தடுத்தேன். உன் கூந்தலிலும் என் சேலையிலும் ஆண்டுக்கணக்கில் ஊறிக் கிடந்த வாடை அது.

படமெடுக்கக் கற்றுத்தர எனக்கு ஆசிரியர் எவரும் வாய்த்ததில்லை. அதைப் பெருமையாகவே சொல்லிவருகிறேன். களத்தில் ஜவ்வரிசி பரப்பிய கூலிப் பெண்கள் நாம் இருவரும். கூட்டாக வாங்கிய பழைய கேமரா, அதன் கையேடு, உன் கைப்பேசியில் இலவசமாகக் கிடைத்த காணொளிகள், நாம் போட்ட படங்களை முகம் தெரியாதவர்கள் கிழித்துத் தொங்கவிட்ட ஓர் இணையக் குழு: இவையே நம் கல்லூரி. இந்தியில் பேசியவரின் பாடத்தைக்கூட அவர் கைகளைப் பார்த்தே புரிந்துகொண்டோம். வெளிச்சத்தைத் திருப்பித் தர வெள்ளைப் பலகை வேண்டுமென்று ஒருவர் சொன்னபோது, காய்ந்துகொண்டிருந்த ஜவ்வரிசியைக் காட்டி நீ சிரித்தாய். "இத்தன பெரிய வெள்ள எவனூட்டுல இருக்குது புள்ள?"

இன்று அஸ்தம்பட்டியில் எனக்கென்று ஸ்டூடியோ இருக்கிறது. இத்தொழிலுக்கு வர விரும்பும் பெண்கள் எங்கே கற்பது என்று கேட்டு வருகிறார்கள். அதே கையேட்டையும் காணொளிகளையும்தான் சொல்கிறேன். சாம்பல் அட்டைப் பாடத்திற்கு வரும்போது மட்டும் என் குரல் கடுமையாகிவிடுகிறது. அவர்கள் பயந்து பார்க்கிறார்கள்.

ஒரே முகத்தை, ஒரே இடத்தில், வெவ்வேறு நாள்களில் எடுத்துப் பழகச் சொன்னது ஒரு காணொளி. முகத்தருகே சாம்பல் நிற அட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டால், எந்த வெளிச்சத்திலும் தோலின் உண்மையான நிறத்தைக் கண்டுகொள்ளலாம் என்றது இன்னொன்று. இடம் நம் களம்; முகத்தை நீ தந்தாய்.

உன் கணவன் ரிக் வண்டியோடு வடநாட்டுக்குப் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டுபவன். அவன் ஊர் திரும்பிய நாள்களில் உன் உதடு கிழிந்திருக்கும். கண்ணோரம் இரத்தம் கட்டியிருக்கும். ஒருமுறை உன் ஆள்காட்டி விரலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினான். "இந்த விரல்லதான படம் புடிக்கற?" என்று கேட்டுக்கொண்டே நசுக்கினானாம். நகம் கழன்ற அந்தக் கையாலேயே நீ அட்டையைக் கன்னத்தருகே உயர்த்தினாய்.

"இன்னைக்கு வேண்டாம் புள்ள" என்றேன்.

"எடு. பாடத்த நடுவால உடக்கூடாது."

முகத்துக் கறைகளைக் கணினியில் அழிக்கும் பாடத்தை நான் திறந்தபோதோ பாய்ந்து தடுத்தாய். "என் மூஞ்சியில அத மட்டும் படிக்காத. நீ அழிச்சுப்போட்டீன்னா, அவன் அடிக்கவே இல்லீன்னு ஆயிரும்."

நமக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு நிச்சயதார்த்தம். அன்று காலை உன்னை அழைக்க வந்தேன். புதுச் சேலை கட்டி, வாசலில் குப்புறக் கிடந்தாய். பின்மண்டை உடைந்து உள்வாங்கியிருந்தது. இரத்தம் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஓடியிருந்தது. "தொட்டியில வழுக்கி உழுந்துட்டா" என்றான் அவன். அவன் வண்டியிலிருந்த கனத்த ஸ்பேனர் அன்றோடு காணாமற்போயிற்று. இறுதிவரை எவருக்கும் அகப்படவில்லை.

மறுநாள் அவன் தம்பி என்னிடம் வந்தான். "அஞ்சலி பிளெக்ஸ் அடிக்கோணுமுங்க. அண்ணி சிரிச்சாப்புல ஒரு போட்டோ குடுங்க." கண் வீங்கி மூடிய படமொன்றை நீட்டினேன். "இதுதான் உங்கூட்டுல அவ இருந்த மூஞ்சி. பெருசா அடிச்சு நாலு ரோட்டுல கட்டுங்க." அவன் அதைக் கிழித்து என் முகத்தில் எறிந்தான். துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு நேரே காவல் நிலையத்திற்குப் போனேன்.

கட்டிய மனைவியை ஒருநாளும் தொட்டு அடித்ததில்லை என்று நீதிமன்றத்தில் அவன் தரப்பு சாதித்தது. அக்கம்பக்கத்தார் வாய் திறக்கவில்லை. என் படங்கள் பொய்யென்று ஆனால் அவன் வீட்டுக்குப் போய்விடுவான், அவ்வளவுதான் வழக்கு. கேமரா பதிந்த மூலக் கோப்புகளில் எவரும் கைவைக்கவில்லை என்று ஆய்வகம் சொல்லிவிட்டது. ஆகவே அவனுடைய வழக்கறிஞர் என்மீது பாய்ந்தார்.

"எந்தக் காலேஜுலம்மா போட்டோகிராபி படிச்சீங்க?"

"காலேஜ் இல்லீங்க. யூடியூப் பாத்து நானே கத்துக்கிட்டனுங்க."

"நாளைக்கு யூடியூப் பாத்து ஆபரேசனும் பண்ணுவீங்களா?"

மன்றம் சிரித்தது. கூண்டில் நின்றவனும் சிரித்தான். அவன் பற்களை என் கையால் உடைக்க வேண்டுமென்ற வெறியில் விரல்கள் மடங்கின.

"களத்துல நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கு. அந்த நிறம்தான் கன்னத்துல ஊதாவா விழுந்திருக்கு. அடியாவது ஒண்ணாவது!" என்றார் அவர்.

நான் நீதிபதியை நோக்கித் திரும்பினேன். "ஐயா, அவ கையில ஒரு அட்டை இருக்குதுங்க, பாருங்க. தார்ப்பாயோட நீலம் கன்னத்துல உழுந்திருந்தா, ஒட்டினாப்புல இருக்கற அட்டையிலயும் உழுந்திருக்கோணுமுங்க. அட்டை சாம்பலாவே இருக்குது. கன்னம் மட்டுந்தானுங்க ஊதா."

நீதிபதி திரையருகே குனிந்தார். படம் மாற்றிப் படம் கேட்டுப் பார்த்தார். எல்லாவற்றிலும் கன்னத்தின் நிறம் மாறிக்கொண்டே வந்தது; அட்டையின் நிறம் மாறவேயில்லை.

"ஒவ்வொரு படத்துலயும் அட்டைய வெக்கணும்னு யாருக்கும்மா தோணுச்சு?" என்று கேட்டார்.

"அவளுக்குத்தானுங்க."

அவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. காவலர்கள் அழைத்துச் செல்லும்போது என்னருகே நின்று பல்லைக் கடித்தான். "இன்னும் எத்தன படம்டி வெச்சிருக்கற?"

நம் ஊர் மரியாதை குறையாமலே பதில் சொன்னேன். "எல்லாமே இருக்குதுங்க."

உண்மைதான் தோழி. காயம்பட்ட நாள்களின் படங்களை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அவன் ஊரில் இல்லாத நாள்களில், ஜவ்வரிசியின் வெளிச்சம் தாடையில் ஏறி நிற்க, கண்களைச் சுருக்கிக்கொண்டு நீ சிரித்த படங்களைக் கேட்டுக் காவலரும் வரவில்லை, நீதிபதியும் கேட்கவில்லை. அவன் வீட்டார் கேட்டார்கள், தரவில்லை. அவை என்னிடமே இருக்கின்றன.