ரிக்கார்டில் பாடுவது யார்

தென்காசி,
26-7-1961.

அன்புள்ள மகன் வேதமணிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், அவளுடைய முழங்கால் வலியைத் தவிர. உன் சுகத்தை ஒரு வரியில் விசாரித்துவிட்டு ஊர்ச் செய்திக்குப் போவது என் வழக்கம், இந்தத் தடவை கடிதம் முழுவதுமே அந்த விசாரணைதான், ஆகையால் நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. சாரல் நன்றாக விழுகிறது, துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை. உன் பார்சல் போன மாதம் பதினெட்டாம் தேதி உடையாமல் வந்தது. அம்மாவுக்குக் கம்பளிச் சால்வை, எனக்குச் சவர செட், ஒரு கிராமபோன் ரிக்கார்டு, ஒரு போட்டோ. சால்வையிலும் சவர செட்டிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

நீ ரயில்வே என்ஜினீயரிங் படிக்க லண்டன் போனவன். சாயந்திர நேரத்தில் ஒரு பாட்டுக் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறேன் என்று எழுதினாய், கோயில் பாட்டாக இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். போட்டோவில் பார்த்தால் தலையில் கிரீடம், கிரீடத்தில் சேவல் வால் மாதிரி றெக்கை, கன்னத்தில் ரோஸ் பவுடர், உடம்பெல்லாம் பட்டு. பக்கத்தில் பியானோ போல் ஒரு பெட்டிக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரி உட்கார்ந்து உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஆப்பரா என்றால் பாட்டிலேயே நடத்துகிற நாடகம் என்றும், இது இருநூறு வருஷத்துக்கு முந்தியது என்றும், உனக்கு ராஜா வேஷம் என்றும் எழுதியிருக்கிறாய். சரி. ரிக்கார்டில் பாடுவது நான்தான் அப்பா, நம்பமாட்டீர்கள் என்றும் எழுதியிருக்கிறாய். புளியரைச் சுங்கச் சாவடியில் இருபத்தெட்டு வருஷம் வைக்கோல் வண்டிக்குள் இரும்புக் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தே சம்பளம் வாங்கினவன் நான். உள்ளே ஒன்றும் இல்லை, ஐயா நம்பமாட்டீர்கள் என்று எவன் தானாகவே வந்து சொன்னானோ அவன் வண்டியில்தான் மிளகு மூட்டை இருந்தது.

நம் வீட்டில் கிராமபோன் கிடையாது அல்லவா, அம்மாவால் நடக்கவும் முடியாது, ரிக்கார்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு ரத வீதியில் மைக் செட் வாடகைக்கு விடுகிற கிதிர் முகம்மது கடைக்கு நான் மட்டும் போனேன். முதலில் வேகத்தைக் கூட்டி வைத்துவிட்டான், குருவி கத்துவது போல் கத்தியது. பிறகு லேபிளைப் பார்த்துச் சரியான வேகத்தில் வைத்தான். வேதமணி, அது பெண் குரல். உயரத்தில் போய் நின்றுகொண்டு ஒரே எழுத்தை நாற்பது சுற்றுச் சுற்றி, மூச்சு வாங்காமல் இறங்கி, மறுபடியும் ஏறுகிறது. ஒத்துக்கொள்கிறேன், நன்றாகவே இருக்கிறது, ஆனால் அதில் நீ இல்லை. கிதிர் முகம்மது தலையை ஆட்டிக்கொண்டே, பொம்பளப் பிள்ள என்னமா பாடுதா, யாரு அண்ணாச்சி, உங்க மருமவளா என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. வேகத்தைக் குறைத்து வைக்கச் சொன்னேன், யாரோ கிழவன் கிணற்றில் விழுந்து அழுவது போல் கேட்டது, அதுவும் நீ இல்லை. லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உன் பெயர், கீழே ஹெலன் என்று ஒருத்தி பெயர். அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. பாடினது போட்டோவில் சிரிக்கிற அந்த வெள்ளைக்காரி. அவளைக் கட்டிக்கொண்டுவிட்டாய், எங்களுக்குச் சொல்லப் பயந்து முதலில் குரலை அனுப்புகிறாய், பிறகு ஆள் வரும்.

இதனால் என்ன ஆயிற்று தெரியுமா. கீழப்பாவூர் ரத்தினம் தன் மகள் ஜெயசீலியை உனக்குத் தருவதாகப் பேசி, நீயும் ஏப்ரலில் உங்கள் இஷ்டம் என்று எழுதி, ஆகஸ்டில் நிச்சயத்துக்கு நாள் குறிக்க இருந்தோம். அந்தப் பெண் டீச்சர் டிரெயினிங் முடித்தவள், அடக்கமானவள். நான் காரணம் சொல்லாமல் பொறுங்கள் என்று ஆள் அனுப்பினேன். போன வாரம் ரத்தினமே நேரில் வந்துவிட்டார். ஒரு வாரத்துல சொல்லிப்போடுங்க அண்ணாச்சி, பிள்ளைய எத்தன நாளு நிப்பாட்டி வைக்க, இல்லன்னா வேற எடம் பாக்கேன் என்றார். காப்பியைத் தொடாமல் போனார்.

அப்போதுதான் சீமையில் படித்துவிட்டு வந்த பாளையங்கோட்டைக் குருவானவர் ஒருவர் சீசனுக்குக் குற்றாலம் வந்து தங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போனேன். மெயின் அருவிக் கரையில் உடம்பெல்லாம் எண்ணெய் வழிய நின்றவரைப் பிடித்துக்கொண்டேன். ஒரு ஆண்பிள்ளை ஆப்பராவில் ராஜா வேஷம் கட்டிப் பெண் குரலில் பாடமுடியுமா ஐயா என்று பொதுவாகக் கேட்டேன், என் பெயரைச் சொன்னேன், உன் பெயரைச் சொல்லவில்லை. அவர் சிரித்துக்கொண்டு, முடியாம என்ன ஞானதுரை, அந்தக் காலத்துல ராஜா பாட்டெல்லாம் அந்தக் குரலுக்குத்தான, குரல் உடைஞ்சிரக் கூடாதுன்னு பையன்மாருக்குச் சின்ன வயசுலயே அந்த எடத்துல கத்தி வச்சிருவாங்க, இப்பம்லாம் என்று சொல்லிக்கொண்டே அருவிக்குள் போய்விட்டார். உள்ளே நின்றும் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தார், வாய் அசைந்தது, அருவிச் சத்தத்தில் ஒரு எழுத்துகூடக் காதில் விழவில்லை. வெளியே வந்ததும் சுற்றிலும் ஜனம், பெண்டு பிள்ளைகள், இந்த விஷயத்தைக் கத்தியா கேட்கமுடியும். ஈரத்தோடு அவர் கும்பிட்டார், நானும் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பிப்ரவரியில் உனக்கு ஆபரேஷன் நடந்ததே. குடல்வால் என்று எழுதினாய், எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான் எழுதினாய். வீட்டுக்கு வந்ததும் உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகத் துருவினேன். மார்ச் மாதக் கடிதத்தில், ஆஸ்பத்திரியில் கிடந்தது தொண்டைக்கு நல்ல ஓய்வு, குரல் இப்போது இன்னும் தெளிந்திருக்கிறது என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். வயிற்றில் கத்தி வைத்தால் தொண்டை ஏன் தெளிகிறது. பாட்டு மோகத்தில் என்ன காகிதத்தில் கையெழுத்துப் போட்டாயோ, என்ன சொல்லி உன்னைப் படுக்க வைத்தார்களோ. அந்த வெள்ளைக்காரியை நீ கட்டிக்கொண்டிருக்கக் கூடாதா, அவளோடு ரெண்டு பிள்ளை இருக்கக் கூடாதா என்று முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினேன். அதுவரை எதற்காக உன்னை மனதுக்குள் திட்டினேனோ அதையே ஆண்டவரிடம் கேட்டேன். அந்த டாக்டரிடம் சர்ட்டிபிகேட் வாங்கி அனுப்பு என்று உனக்கு ஒரு கடிதம் எழுதிக் கவரும் ஒட்டிவிட்டேன்.

அதைப் பெட்டியில் போடப் போகும் முன்னால்தான் உன் அம்மாவிடம் சொன்னேன். முதலில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, என்னய அந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க என்றாள். ஜட்கா வைத்துக் கூட்டிப்போனேன். கிதிர் முகம்மது ஸ்டூல் போட்டுக்கொடுத்தான். ரிக்கார்டு சுற்ற ஆரம்பித்து நாலு வரி போகவில்லை, அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நம்ம மணிதான என்றாள். நான் பிப்ரவரி ஆபரேஷன் என்று மறுபடி ஆரம்பித்தேன். உன் அம்மா இத்தனை வருஷத்தில் வெளியாள் முன்னால் என்னை எதிர்த்துப் பேசினது கிடையாது, உனக்குத் தெரியும். அன்றைக்குப் பேசினாள். பதினஞ்சு வயசுல கிறிஸ்மஸ் பாட்டுக்குக் கோயில்ல பழகையில இதே குரல்லதான பாடுனான், குரல் உடைஞ்சும் ஆம்பளையாளு பெஞ்சுல நின்னுக்கிட்டு பொம்பளைக பாட்டப் பாடுதான்னு ஊரு சிரிக்குன்னு வெளிய இழுத்துட்டு வந்து புளியங்கம்பால அடிச்சியளே, ஆம்பளையாப் பாடுலேன்னு சொல்லிச் சொல்லி அடிச்சியளே, ஆபரேஷன் பண்ணித்தான் இந்தக் குரல் வந்துதுன்னா அன்னைக்கு எதுக்கு அடிச்சிய, இந்தக் குரல வெட்டப் பாத்தது லண்டன் டாக்டர் இல்ல, நீங்கதான் என்றாள். கிதிர் முகம்மது ஒயரைச் சுருட்டுகிறவன் மாதிரி குனிந்துகொண்டான்.

வேதமணி, நான் அதை மறந்தே போயிருந்தேன். அடித்தவனுக்கு மறந்துவிடுகிறது. பதினோரு வருஷத்துக்கு முந்தியே இருந்த குரல் இந்தப் பிப்ரவரியில் வந்திருக்க முடியாது, இது யாருக்கும் விளங்கும் கணக்கு. உன் பக்கம் இருக்கிற ஒரே சாட்சி நான் அடித்த அடிதான், அதை வைத்துத்தான் உன்னை விடுதலை பண்ணினேன். மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டேன். அந்த நாற்பது சுற்று முடிந்து இறங்குகிற இடத்தில், மூச்சு எடுக்குமுன் லேசாக ஒரு தயக்கம் வருகிறது. யாராவது கையைப் பிடித்து வெளியே இழுத்துவிடுவார்களோ என்று பார்க்கிற தயக்கம். அதைக் கேட்டபின் எனக்குச் சந்தேகம் இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சர்ட்டிபிகேட் கேட்டு எழுதினதைக் கிழித்துவிட்டேன். நேற்றுக் கீழப்பாவூர் போய், என் மகன் ஆண்பிள்ளைதான், ஆனால் இப்படியும் பாடுவான், நாளைக்கு மறைத்தேன் என்று சொல்லக்கூடாது, உங்கள் மகளைக் கூட்டிவந்து முதலில் கேளுங்கள் என்று ரத்தினத்திடம் சொல்லிவிட்டு வந்தேன். சனிக்கிழமை கிதிர் முகம்மது கடைக்கு வருகிறார்கள். கேட்டபின் அந்தப் பெண் வேண்டாம் என்றால் எனக்கு வருத்தம் இல்லை. சிரித்தால் நானே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

பனிக்குக் கழுத்தை மூடிக்கொள். ஞாயிறு ஆராதனையை விடாதே. அந்த ஹெலன் யார், பெட்டி வாசிக்கிறவள் மட்டும்தானா என்பதை மறுதபாலில் எழுது, அதில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. கர்த்தர் உன்னையும் உன் தொண்டையையும் காக்க அம்மாவும் நானும் தினமும் கேட்டுக்கொள்கிறோம். அந்த அடிக்குப் பிறகு இந்த வீட்டுக்குள் நீ ஒரு பாட்டும் பாடவில்லை என்று உன் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. வரும்போது பாடு. நான் வெளியே எழுந்து போகமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சா. ஞானதுரை