குக்கர் விசில் பாட்டை உனக்கே விட்டுத் தருகிறேன்

என் பாட்டுப் பிடாரி மெர்சி அக்காவுக்கு,

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. பொழிச்சலூரில் நம் மாடி அறை அப்படியேதான் இருக்கிறது. பீரோவைத் திறந்து வைத்து, அம்மாவின் சேலைகளுக்கு முன்னால் மைக்கை நிறுத்தினால் எதிரொலி வராது என்று கண்டுபிடித்தாயே, இன்னமும் அப்படித்தான் பதிவு செய்கிறோம். நம் ஆல்பம் முடியப்போகிறது. ஒரே ஒரு பாட்டு பாக்கி. அதைப் பற்றித்தான் உன்னோடு சண்டை போட வந்திருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு உன்மேல் பொறாமை. செத்துப்போனவள்மேல் என்ன பொறாமை என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். நீ இருந்தபோதாவது என்றைக்காவது உனக்குத் தொண்டை கட்டும், சுருதி விலகும், அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்குவேன். இப்போது உனக்குத் தொண்டை கட்டுவதே இல்லை.

போன மாதம் குரோம்பேட்டை ஸ்டேஷனில் ஒரு பெண் ஓடி வந்தாள். "நீங்க மெர்சி அக்காவோட சிஸ்டர்தானே?" என்று கேட்டுவிட்டுத் தன் கையைத் திருப்பிக் காட்டினாள். 'மழை நின்ற பின்னும் ஒழுகுது என் கூரை' என்று பச்சை குத்தியிருந்தாள். "எப்படித்தான் இப்படி எழுதினாங்களோ! கேட்டதும் அழுதுட்டேன் அக்கா."

அது நான் எழுதியது. இதே மாடி அறையில், ஒழுகும் இடத்தில் பக்கெட்டை வைத்துவிட்டு எழுதியது. நீ பாடினாய், நெட்டில் போட்டோம், அதோடு உன்னுடையதாகிவிட்டது. அந்தப் பெண்ணிடம் நான் என்ன சொல்வது? சிரித்துத் தலையாட்டிவிட்டு ரயிலேறி, வழியெல்லாம் பொருமிக்கொண்டு போனேன்.

நம் வேலை முறை அப்படி. முதலில் நீ கிடாரை எடுத்து மெட்டுப் போடுவாய். சொல் இல்லாமல் மெட்டு மறந்துபோகும் என்பதால், கண்ணில் பட்டதையெல்லாம் டம்மியாகப் பாடி வைப்பாய். குக்கர், குப்பை வண்டி, தண்ணி லாரி, எதுவானாலும் சரி. பிறகு அந்த இடத்தில் நான் உண்மையான வரிகளை எழுதுவேன். நீ மறுபடி பாடுவாய், டம்மியை அழித்துவிடுவோம். கடைசிப் பாட்டுக்கு மட்டும் அந்த 'மறுபடி' வரவேயில்லை. மெட்டுப் போட்ட அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பி வரவில்லை.

மாதக்கணக்கில் உட்கார்ந்து அதற்கு வரிகள் எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்லவை அவைதான், இதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது. இந்த ஒரு பாட்டாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று நானே பாடினேன். நீ அனாயாசமாக ஏறும் உச்சிக்கு என் குரல் எட்டாததால் சுருதியை இறக்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும், அம்மாவையும் நம் ட்ரம்மர் குமரன் அண்ணாவையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். அண்ணா தொடையில் தாளம் போடாமல் கேட்டார். அப்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நல்லாதான் கீது ஷைனி," என்றார்.

"ஆனா?"

"கோச்சுக்காத. அக்கா டம்மி பாடி வெச்சிக்கீதே, அத்த ஒரு தபா போடேன்."

போட்டேன். 'குக்கர் ரெண்டு விசில் ஆச்சு, குப்பை வண்டி போயே போச்சு, அம்மா என் காபி என்னாச்சு?' என்று நீ பாடுகிறாய். கீழேயிருந்து அம்மாவின் குரல் வருகிறது, "வருதுடி, கத்தாத!" பாதியில், பக்கத்து ஏர்போர்ட்டுக்குப் போகும் ஒரு விமானம் நம் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போகிறது. நீ நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாய். அது போனதும் விட்ட இடத்திலிருந்து எடுக்கிறாய். குமரன் அண்ணாவின் கை தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிட்டது.

"இதான். இத்த அப்டியே வுட்டுரு," என்றார்.

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை போடுடி," என்றாள். என் பாட்டை அவள் இன்னொரு தடவை கேட்கவில்லை.

வயிறெரிந்தது அக்கா. குப்பை வண்டியிடம் தோற்றுப்போனேன். "அப்ப நான் எழுதினதெல்லாம் எதுக்கு? தூக்கிப் போட்டுடட்டுமா?" என்று கத்தினேன்.

அம்மா கோபப்படவில்லை. "உன் பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல அவ செத்துப்போயிட்டா. இதுல காபி கேக்கிறா," என்றாள்.

இரண்டு நாள் நான் மாடி அறைப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் அம்மா மார்க்கெட் போனதும், குறை கண்டுபிடிப்பதற்காகவே ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடி கேட்டேன். எல்லாரும் அதில் இருக்கிறார்கள். குக்கர் இருக்கிறது, அம்மா இருக்கிறாள், தெருநாய்கூட ஒரு குரல் கொடுக்கிறது. அதே அறையில் நின்ற நான் மட்டும் இல்லை. இது என்ன நியாயம் என்று நினைத்தபோதுதான், அன்றைக்கு நான் எங்கே நின்றேன் என்பது ஞாபகம் வந்தது.

ஜன்னலில் நின்றேன். விமானம் வருகிறதா என்று பார்ப்பதும், வந்தால் கையைத் தூக்கி உன்னை நிறுத்துவதும் என் வேலை. நீ பாடும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அன்று நீ அந்த உச்சிக்கு ஏறினாய், நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கையைத் தூக்க மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். விமானம் தலைக்கு மேல் வந்த பிறகும் எனக்குத் தெரியவில்லை. நீ சிரித்தது விமானத்துக்காக அல்ல, என் முகத்தைப் பார்த்து.

அந்தச் சிரிப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அம்மா காய்கறிப் பையோடு வந்து நின்றதுகூடத் தெரியாமல் அழுதுகொண்டிருந்தேன்.

சரி, நீயே வைத்துக்கொள். குக்கர், காபி, விமானம், சிரிப்பு எல்லாவற்றோடும் அப்படியே ஆல்பத்தில் கடைசிப் பாட்டாகப் போகிறது. மற்ற பாட்டுகளுக்கெல்லாம் கீழே 'வரிகள்: ஷைனி' என்று கொட்டை எழுத்தில் போடப்போகிறேன். இதற்கு மட்டும் 'வரிகள்: மெர்சி'. குப்பை வண்டியைப் பற்றி எழுதியவள் நீ என்று ஊருக்குத் தெரியட்டும்.

ஆனால் நான் எழுதிய வரிகளை உன் மெட்டுக்குத் தரமாட்டேன். அவற்றுக்கு என் குரலுக்கு எட்டுகிற மாதிரி நானே ஒரு மெட்டுப் போடுகிறேன். உன் தொண்டையை நினைத்துத்தான் ஒவ்வொரு சொல்லையும் எழுதினேன், ஆனாலும் நீ அதை ஒருநாளும் பாட முடியாது. இப்போது யாருக்குப் பொறாமை?

சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, அதே பீரோவுக்கு முன்னால் நின்று பாடுவேன். ஜன்னலில் நின்று கை தூக்க இப்போது ஆளில்லை. விமானம் வந்தால் வரட்டும். அது போகும்வரை நிற்கிறேன். நீ சிரித்து முடிக்கவும் அந்த நேரம் போதும்.

இன்னும் உன்மேல் வயிறெரிகிற,
உன் ஒரே தங்கச்சி ஷைனி